அருவிச் சத்தத்தில் போன அழுகை

கண்ணாடியை எப்படித் துடைப்பது, எப்படி சார்ஜ் போடுவது, யாருக்கு மாட்டலாம், யாருக்குக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாவிட்டாலும் உங்கள் செல்போனில் வீடியோ இருக்கிறது. ஆகவே அதைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதப் போவதில்லை. லேபர் ரூமுக்குப் புது மெய்நிகர் கண்ணாடிகள் வந்திருக்கின்றன, ஓய்வு பெற்ற சிஸ்டர் வந்து நர்ஸ் பிள்ளைகளிடம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கூப்பிட்டீர்கள். நான் பேசினால் பாதியில் கோபம் வந்துவிடும். எழுதித் தருகிறேன் என்றேன். இது அதுதான்.

வலியைப் பற்றிச் சொல்லப் போவதில்லை. கண்ணாடி மாட்டினால் வலி குறைகிறது, அதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நான் சொல்ல வந்தது ஞாபகத்தைப் பற்றி. கண்ணாடிக்குள் போன பெண் திரும்பி வரும்போது எதையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வருகிறாள், எதையெல்லாம் ஒட்டிக்கொண்டு வருகிறாள் என்பதைப் பற்றி. அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே ஒரு பெண்ணின் கதை போதும். அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். சுந்தரி என்று வைத்துக்கொள்வோம்.

அதற்கு முன்னால் எங்கள் லேபர் ரூமில் இருந்த ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எனக்கு முன்னால் அங்கே பொறுப்பில் இருந்த சிஸ்டர் ஆரம்பித்து வைத்தது. குழந்தை பிறந்து அழுததும், கையில் இருக்கிற வேலையைச் செய்துகொண்டே, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி, "அழுதாச்சு, கேட்டுச்சாம்மா?" என்று தாயிடம் கேட்க வேண்டும். அவள் "கேட்டுச்சு" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் மறுபடி கேட்க வேண்டும். எதற்கு என்று அந்த சிஸ்டர் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அவர் போன பிறகு அந்தப் பழக்கம் என் வாயில் ஒட்டிக்கொண்டது. மயங்கிக் கிடப்பவள்கூட அந்தக் கேள்விக்குக் கண்ணைத் திறந்து பதில் சொல்லுவாள். சில பேர் சிரிப்பார்கள், சில பேர் ஓவென்று அழுவார்கள். பதில் வராமல் போனது ஒரே ஒரு பிரசவத்தில்தான்.

எங்கள் மருத்துவமனை தென்காசியில் சின்ன மருத்துவமனை. அங்கே முதன்முதலாகக் கண்ணாடி வந்தபோது அதற்குள் வெளிநாட்டுப் பனிமலையும் நீலக்கடலும் இருந்தன. கடையநல்லூர்ப் பெண் ஒருத்தி பனிமலையைப் பார்த்துவிட்டு, "குளுருது சிஸ்டர், போர்வ தாங்க" என்றாள். வெளியே மே மாத வெயில் கொளுத்துகிறது. கடலைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள். எங்கள் லேடி டாக்டர் வயதில் சின்னவர், கெட்டிக்காரர், மனசும் நல்ல மனசு. அவர் யோசித்தார். நம் ஊர் ஆட்களுக்கு நம் ஊர் இடத்தைக் காட்டினால் என்ன? அவருடைய உறவுக்காரப் பையன் ஒருவன் சுற்றிலும் படம் எடுக்கிற கேமராவோடு குற்றாலத்துக்குப் போய், கூட்டம் வருவதற்கு முன்னால், சாரல் விழுகிற ஒரு காலையில் மெயின் அருவியைப் படம் எடுத்து வந்தான்.

நான்தான் முதலில் மாட்டிப் பார்த்தேன். தலையை நிமிர்த்தினால் தண்ணீர் மேலிருந்து விழுகிறது. திரும்பினால் பாறை, ஈர மரம், மேகம். ஹெட்போனில் அந்த இரைச்சல். என் கழுத்து தானாகவே குனிந்தது, தண்ணீரைத் தலையில் வாங்குகிற மாதிரி. சுற்றி நின்ற நர்ஸ் பிள்ளைகள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். எங்களுக்கு அதில் பெருமை தாங்கவில்லை. பெரிய நகரத்து ஆஸ்பத்திரிகளில்கூட இல்லாதது எங்களிடம் இருக்கிறது என்று பேசிக்கொண்டோம். நாங்கள் செய்த தவறு அதுதான், ஆனால் அன்று அதைத் தவறு என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

டாக்டர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். "வலி வர்றப்ப கவனம் வேற இடத்துல இருந்தா, மூளை அந்த வலியை முழுசா பதிவு பண்ணாது சிஸ்டர். அப்போ மட்டும் இல்ல, பின்னால நெனச்சுப் பாக்குறப்பவும் அந்த வலி சின்னதாத்தான் இருக்கும். பயம் மிஞ்சாது" என்றார். அது உண்மை. அருவி பார்த்தபடி பெற்ற பெண்களிடம் மறுநாள் கேட்டால், "அவ்வளவு ஒண்ணும் இல்ல" என்பார்கள். முந்தின நாள் என் கையைப் பிறாண்டி ரத்தம் வரவைத்தவளே அப்படிச் சொல்லுவாள்.

ஆனால் வேறு ஒன்றும் நடந்தது. ஒருத்தியின் அம்மா முழு நேரமும் அவள் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அந்த மகள், "எங்கம்மா வெளியதான நின்னா? நான் அருவில தனியால்லா நின்னேன்" என்று சாதித்தாள். அம்மாவின் முகம் சுண்டிப் போயிற்று. நாங்கள் அதையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். வலியை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு மற்றதை வைத்துவிட்டுப் போக அந்தக் கண்ணாடிக்குத் தெரியாது என்பதை அன்றே நான் யோசித்திருக்கலாம். வேலை இருந்தது, யோசிக்கவில்லை.

சுந்தரிக்குச் சொந்த ஊர் புளியறை. கட்டிக்கொடுத்த இடம் குற்றாலம். புருஷனுக்கு மெயின் அருவிக்குப் போகிற வழியில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. சீசன் சமயத்தில் அந்த வீட்டில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது, அவ்வளவு பக்கத்தில் அருவி. முதல் பிரசவம். செக்கப்புக்கு வரும்போதெல்லாம் வலியை நினைத்துப் பயந்து பயந்து கேள்வி கேட்பாள். கண்ணாடியை எடுத்துக் காட்டினேன். மாட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்னத்த சிஸ்டர், வருஷத்துல பாதி நாளு இந்தச் சத்தத்துலதான் கெடக்கேன். இங்கன வந்தும் அதேதானா?" என்றாள்.

"பனிமலை வேணுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம், வேண்டாம். நம்ம அருவியே இருக்கட்டும். வீட்டுல இருக்க மாதிரி இருக்கும்."

வீட்டில் இருப்பது மாதிரி. அந்த வார்த்தையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி மாட்டியவளுக்கு நாம் சொல்வது கேட்காது என்பதால் நாங்கள் முன்கூட்டியே ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். தோளில் ஒரு தட்டுத் தட்டினால் மூச்சை இழுத்து விட வேண்டும், அழுத்திப் பிடித்தால் முக்க வேண்டும். தலை தெரிய ஆரம்பித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிடுவோம், அதுதான் விதி. சுந்தரி எல்லாவற்றையும் பாடம் மாதிரி கற்றுக்கொண்டு வந்திருந்தாள். மதியம் வரைக்கும் அவ்வளவு அமைதியாக இருந்தாள். பனிக்குடம் உடைந்தபோது வந்த தண்ணீர் பச்சையாக இருந்தது. குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது. அடுத்த சில நிமிஷங்களில் குழந்தையின் இதயத் துடிப்பு இறங்க ஆரம்பித்தது, இறங்கியது ஏறவில்லை.

அந்த மாதிரி நேரத்தில் அறை எப்படி மாறும் என்று இனிமேல் நீங்களே பார்ப்பீர்கள். யாரும் கத்த மாட்டார்கள். எல்லார் குரலும் தாழ்ந்துவிடும், கால்கள் மட்டும் ஓடும். டாக்டர் ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுக்கத் தீர்மானித்தார். நான் கண்ணாடியைக் கழற்றக் கை நீட்டினேன். டாக்டர் என்னைப் பார்த்தார். "இருக்கட்டும் சிஸ்டர். நல்லா முக்குறாங்க. நம்ம மூஞ்சியைப் பாத்தா பயந்துருவாங்க" என்றார். நான் கையை இறக்கினேன். அவர் சொன்னது சரி. பயந்து உடம்பை இறுக்கிக்கொண்டால் குழந்தைக்கு இன்னும் நேரம் போகும். இன்று அதே நிலைமை வந்தாலும் நான் கையை இறக்கத்தான் செய்வேன். ஆகவே இதில் யார் மேல் தப்பு என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். தப்பு இருந்தால் எனக்குக்கூட லேசாக இருந்திருக்கும்.

தோளை அழுத்தினேன், முக்கினாள். ஒரு தடவைகூடப் பிசகவில்லை. நடுவில் ஒரு தடவை, யாரிடம் என்றில்லாமல், "தண்ணி நல்லா விழுது" என்றாள். அவள் அப்படிச் சொல்லும்போது குழந்தையின் தலை வெளியே வந்திருந்தது.

ஆண் குழந்தை. உடம்பு நீலம். கொடியை வெட்டித் தூக்கிக்கொண்டு போகும்போது அழுதான். முதலில் சின்னதாக, இருமுவது மாதிரி. பிறகு இன்னொரு தடவை, கொஞ்சம் நீளமாக. வாய் பழக்கத்தில், "அழுதாச்சு, கேட்டுச்சாம்மா?" என்று நான் கேட்டுவிட்டேன். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்குக் கீழே அவள் உதடு லேசாகத் திறந்திருந்தது, முகத்தைத் தண்ணீருக்குக் காட்டுகிற மாதிரி மேலே தூக்கி வைத்திருந்தாள். மறுபடி கேட்க எனக்கு நேரம் இல்லை. இரண்டாவது அழுகைக்குப் பிறகு அவன் மூச்சு விடவில்லை.

மூச்சுப் பை வைத்து அழுத்தினோம், குழாய் போட்டோம், துடிப்பு திரும்பி வந்தது. திருநெல்வேலிக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. குழந்தையின் அப்பாவும் வேறு டாக்டர் ஒருவரும் ஏறிக்கொண்டார்கள். வண்டி வாசலைத் தாண்டிய பிறகுதான் நான் சுந்தரியின் கண்ணாடியைக் கழற்றினேன். கண்ணைச் சிமிட்டினாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். "பெறந்துட்டா?" என்றாள். பையனுக்கு மூச்சு கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள் என்று சொன்னேன். தையல் போட்டு முடிக்கும் முன்னால் போன் வந்தது. வண்டி பாவூர்சத்திரம் தாண்டவில்லை, அதற்குள் உயிர் போய்விட்டது.

குழந்தையை அங்கிருந்தே குற்றாலத்துக்குக் கொண்டு போய்ப் புதைத்துவிட்டார்கள். தாயிடம் காட்டக் கூடாது, காட்டினால் மறக்க மாட்டாள் என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். எங்களைக் கேட்கவில்லை. ஆக, அந்தப் பெண் பத்து மாதம் சுமந்ததை உயிரோடும் பார்க்கவில்லை, அப்புறமும் பார்க்கவில்லை. அவளுடைய காதுக்கு அவன் வந்தது கேட்கவே இல்லை. அவளுக்கு இருந்ததெல்லாம் ஒரு அருவி.

சாயங்காலம் அவளுடைய மாமியார் என்னை வராண்டாவில் நிறுத்தினாள். நல்ல பொம்பளை, மருமகளை மகளாக வைத்திருந்தவள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"சிஸ்டர், ஒங்களக் கும்புடுதேன். அவ ஒங்ககிட்டதான் கேப்பா. பெறக்கும்போதே உசுரு இல்லன்னு சொல்லிருங்க. அழுதான்னு சொன்னியன்னா ஆயுசுக்கும் அந்த அழுகையையே கட்டிக்கிட்டு கெடப்பா. அவளுக்குத்தான் ஒண்ணும் தெரியலல்லா? தெரியாமயே போகட்டும்."

டாக்டரிடம் போனேன். அவரும் அழுதிருந்தார், கண் சிவந்திருந்தது. "எனக்கும் அதுதான் சரின்னு தோணுது சிஸ்டர். அவங்களுக்கு அந்த ஞாபகமே இல்ல. இல்லாத ஒண்ண நாம எதுக்குக் குடுக்கணும்?" என்றார்.

"இல்லாம ஆக்குனது நாமதான டாக்டர்" என்றேன். அதட்டலாகத்தான் வந்தது.

இந்த இடத்தில்தான் நீங்கள் நிதானமாக நிற்க வேண்டும். வழக்கமாக ஒரு தாய்க்கு அவளுடைய ஞாபகம் என்று ஒன்று இருக்கும். நாம் என்ன சொன்னாலும் அதோடு உரசிப் பார்த்துக்கொள்வாள், பொய் என்றால் கண்டுபிடித்துவிடுவாள். கண்ணாடிக்குள் இருந்தவளுக்கு உரசிப் பார்க்க ஒன்றும் இல்லை. நான் என்ன சொல்கிறேனோ அதுதான் அவளுக்கு நடந்தது. செத்துப் பிறந்தான் என்றால் செத்துப் பிறந்தவன். வீறிட்டு அழுதான் என்றால் வீறிட்டு அழுதவன். அவ்வளவு அதிகாரம் ஒரு நர்ஸின் வாய்க்கு இருக்கக் கூடாது. எனக்குப் பயமாக இருந்தது. வார்டு கதவுக்கு முன்னால் நின்று, கையைக் கழுவ வேண்டிய அவசியமே இல்லாமல் ஒரு தடவை கழுவினேன்.

உள்ளே போனதும் கேட்டாள். குழந்தை போன செய்தி அவளுக்குத் தெரிந்துவிட்டது, புருஷன் சொல்லிவிட்டார். அவள் கேட்டது வேறு.

"சிஸ்டர், அழுதானா?"

"அழுதான்" என்றேன்.

"ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. ரெண்டு தடவ. மொதல்ல சின்னதா, இருமுத மாதிரி. அப்பறம் கொஞ்சம் நீளமா."

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்படியே, "எனக்குத் தண்ணிச் சத்தம்தான் கேட்டுச்சு" என்றாள். நான் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன். நோயாளிகளுக்கு முன்னால் அழக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். அன்று நான் அழுதேன். மாமியார் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை, இன்று வரைக்கும் பேசவில்லை.

அடுத்த சீசனில் அவள் புருஷன் ஆஸ்பத்திரிக்கு என்னைத் தேடி வந்தார். சாரல் ஆரம்பித்து, அருவியில் தண்ணீர் விழுந்த முதல் நாள், சுந்தரி அடுப்படியில் அப்படியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். வலி. இடுப்பு கழன்று போகிற வலி. பிரசவத்தின்போது அவள் கத்தாத கத்தல் எல்லாம் அன்று கத்தியிருக்கிறாள். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார்கள். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துப் பார்த்தார்கள். வீடே அந்தச் சத்தத்துக்குள் இருக்கும்போது எதை அடைக்க?

"ஊரு ஒலகத்துல எல்லாரும் தண்ணி விழணும்னு காத்துக் கெடக்காங்க, சிஸ்டர். நாங்க விழக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு இருக்கோம். தண்ணி விழலைன்னா கடைல ஈ ஆடும், விழுந்தா இவ துடிக்கா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சோர்ந்து போய்ச் சொன்னார்.

டாக்டர் சொன்னது பாதிதான் உண்மை என்று எனக்கு அன்று விளங்கிற்று. அந்த நேரத்து வலி எங்கேயும் போய்விடவில்லை. காண்பித்த இடத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற பெண்களுக்கு ஒட்டியிருந்தது மகிழ்ச்சி, ஆகையால் அவர்கள் அருவியைப் பார்த்ததும் பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள், நமக்கு ஒன்றும் தெரியவில்லை. இவளுக்கு ஒட்டியிருந்தது வேறு. பனிமலையைக் காட்டியிருந்தால் அவள் ஆயுசில் இன்னொரு தடவை பனியைப் பார்க்கப் போவதில்லை. நாங்கள் அவள் வீட்டு வாசலில் இருப்பதைக் காட்டினோம். அன்றைக்கே அந்த அருவிப் படத்தைக் கண்ணாடியிலிருந்து நீக்கிவிட்டோம். உங்கள் கண்ணாடிகளில் வெளிநாட்டுக் காடுதான் இருக்கிறது, நம் ஊர் இடத்தை ஏன் வைக்கவில்லை என்று ஒரு பிள்ளை என்னிடம் கேட்டாள். இதுதான் காரணம்.

அதிலிருந்து ஒவ்வொரு சீசனுக்கும் சுந்தரி புளியறைக்கு அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கே கேரளாவுக்குப் போகிற லாரிச் சத்தம் ஓயாமல் இருக்கும், அது அவளுக்கு ஆறுதல். போவதற்கு முன்னால் என்னை ஒரு தடவை வந்து பார்ப்பாள். நான் ஓய்வு பெற்ற பிறகு குத்துக்கல்வலசையில் இருக்கிற என் வீட்டுக்கு வருவாள். காப்பி குடிப்பாள். பிறகு, "சொல்லுங்க சிஸ்டர்" என்பாள். நான் சொல்லுவேன். ரெண்டு தடவை அழுதான், முதலில் சின்னதாக, இருமுவது மாதிரி, பிறகு கொஞ்சம் நீளமாக.

கூட ஒரு வார்த்தை சேர்க்க எனக்கு எத்தனையோ தடவை ஆசை வந்திருக்கிறது. உன் பக்கம் திரும்பினான், கையை ஆட்டினான் என்று ஏதாவது. சொன்னால் அவள் அதையும் வாங்கிக்கொண்டு போய் வைத்துக்கொள்வாள். அதனாலேயே சொல்லவில்லை. அவளுக்கு அப்புறம் குழந்தை தங்கவில்லை. இந்த இரண்டு அழுகை மட்டும்தான் அவளிடம் இருந்தது, அதுவும் என் வாயிலிருந்து போனது.

ஆனால் எனக்கும் வயசாகிறது. ஒரு வருஷம் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று உறைத்தது. நான் வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சத்தம் என் காதில் இல்லை. எத்தனை குழந்தைகளின் முதல் அழுகையைக் கேட்டிருக்கிறேன், எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்துவிட்டது. அவன் அழுதது எது என்று தனியாக எடுக்க முடியவில்லை. மறைக்க எனக்கு மனசு வரவில்லை, அவளிடம் சொல்லிவிட்டேன். "சுந்தரி, அழுதது நெசம். ஆனா அந்தச் சத்தம் எனக்கு இப்ப ஞாபகத்துல இல்லட்டி. சொல்லிச் சொல்லி வார்த்ததான் மிச்சம் இருக்கு."

டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்போ ரெண்டு பேருகிட்டயும் இல்ல" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த சீசனுக்கு வரவில்லை. அதற்கடுத்த சீசனுக்கும் வரவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் எது, வாயை மூடிக்கொள்ள வேண்டிய இடம் எது என்று இத்தனை வருஷ வேலைக்குப் பிறகும் எனக்குத் தெரியவில்லையே என்று நான் என்னையே திட்டிக்கொண்டேன்.

இந்த வருஷம் சாரல் ஆரம்பித்த வாரத்தில் அவள் புருஷனிடமிருந்து போன் வந்தது.

"சிஸ்டர், கொஞ்சம் வந்துட்டுப் போங்க. இந்தத் தடவ புளியறைக்குப் போகல. தெனமும் அருவில போயி நிக்கா. குளிக்கவும் மாட்டேங்கா, வீட்டுக்கும் வர மாட்டேங்கா. வலிக்கலையாட்டின்னு கேட்டா, வலிக்கத்தான் செய்யுதுங்கா. ஆனா நிக்கா. நீங்க சொன்னா கேப்பா."

பஸ் ஏறிக் குற்றாலம் போனேன். நல்ல கூட்டம். எண்ணெய் தேய்த்த உடம்பும், ஈரத்துண்டும், பஜ்ஜி வாசனையுமாக வழி முழுக்க ஆட்கள். பெண்கள் பக்கத்தில், தண்ணீருக்கு எட்டாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு சுந்தரி நின்றாள். சாரலில் சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. இன்னொரு கை வயிற்றில் இருந்தது. முகத்தை மேலே தூக்கி வைத்திருந்தாள். கண்ணாடிக்குக் கீழே அன்று நான் பார்த்த அதே முகம்.

பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டேன். திரும்பினாள். என்னைப் பார்த்ததில் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துப் பேசினால்தான் அங்கே கேட்கும்.

"இங்கன வந்தாத்தான் சிஸ்டர் கேக்குது" என்றாள்.

"என்ன கேக்குது?"

"அவன்தான். தண்ணிக்குள்ள. மொதல்ல சின்னதா, இருமுத மாதிரி. அப்பறம் கொஞ்சம் நீளமா."

என் வார்த்தைகள். ஒரு எழுத்து மாறாமல் என் வார்த்தைகள். அன்று அவள் காதில் ஹெட்போன் எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்று எனக்குத் தெரியும், நான்தான் மாட்டினேன். அதற்குள் எந்தக் குழந்தையின் அழுகையும் போயிருக்க முடியாது. இத்தனை வருஷமாக நான் சொன்னதை அவள் மனசு எடுத்துக்கொண்டு போய், அவளிடம் இருந்த ஒரே ஞாபகத்துக்குள், அந்தத் தண்ணீருக்குள், வைத்துவிட்டது. கம்பிக்கு அந்தப் பக்கம், ஆண்கள் வரிசைக்கு ஓரத்தில், அவள் புருஷன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்படியெல்லாம் எதுவும் கேட்காது, வீட்டுக்குப் போ என்று நான் சொல்ல வேண்டும். அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார். அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அவள் அங்கே நிற்கிற ஒவ்வொரு நாளும் அந்த வலியும் கூட நிற்கிறது.

பிள்ளைகளா, இந்த இடத்துக்கு உங்களுக்கு நான் எந்த விதியும் எழுதித் தர முடியாது. ஒன்றை மட்டும் தருகிறேன். ஒரு பெண்ணுக்குக் கண்ணாடியை மாட்டினால், அந்த அறையில் உங்களில் ஒருத்தி வேறு வேலை எதையும் கையில் எடுக்காமல் நில்லுங்கள். நடப்பதைப் பாருங்கள், காதில் வாங்குங்கள். அவளுக்காக ஞாபகம் வைத்துக்கொள்வது ஒருத்தியின் வேலையாக இருக்கட்டும். எங்களுக்கு அப்படி ஒருத்தி இல்லை. ஓடிக்கொண்டே காதில் விழுந்ததைத்தான் நான் அவளுக்குக் கொடுத்தேன்.

சுந்தரியிடம் நான் கேட்காது என்றும் சொல்லவில்லை, கேட்கும் என்றும் சொல்லவில்லை. கம்பியைப் பிடித்திருந்த அவள் கை விறைத்துப் போய் இருந்தது, அதன் மேல் என் கையை வைத்தேன். அன்று பதில் வராமல் விட்டுப்போன ஒரு கேள்வி எனக்குப் பாக்கி இருந்தது. லேபர் ரூமில் கேட்கிற மாதிரி, அந்த இரைச்சலையும் தாண்டி, சத்தமாகக் கேட்டேன்.

"அழுதாச்சு, கேட்டுச்சாம்மா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கேட்டுச்சு சிஸ்டர்" என்றாள்.